ஐஸ் இல்லாமல் ஒரு திருட்டு

சிக்கந்தர் அண்ணனுடைய நாசி கண்டார் சோற்றுக் கடையில் நான் கையை நனைக்காத வாரம் கிடையாது. ஆனால் அவர் எங்கள் படியேறி வந்தது அன்றைக்குத்தான். சூலியா தெருவில், காசு மாற்றும் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். காற்றாடிக்கு மூன்று வேகம் உண்டு என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டார். மற்ற இரண்டு வேகங்களை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் என்றால் இரண்டே பேர்தான். நோர்மா அக்கா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் நஷ்டங்களைத் துருவித் துருவி, பாதி பினாங்கின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். அடுத்தது நான், சாதிக். காடி ஓட்டுவேன், குடிக்கத் தே வாங்கி வருவேன், கேட்காமலே கருத்துச் சொல்வேன். மூன்றாவதற்கு மட்டும் அக்கா சம்பளம் தருவதில்லை.

"தங்கச்சி," என்றார் சிக்கந்தர் அண்ணன். இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூட அவர் அவிழ்த்திருக்கவில்லை. "என் மகளோட உயிரை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

நான் பதறி எழுந்துவிட்டேன். "ஹனாவையா கடத்திட்டாங்க?"

"ஹனா கல்லாவுலதான் இருக்கா. போனது அவ மருந்து."

"உட்காருங்கண்ணே," என்றார் அக்கா. "மொதல்லேர்ந்து சொல்லுங்க. சாதிக், அண்ணனுக்குத் தண்ணி கொடு. வாயைத் திறக்காம கொடு."

முதலிலிருந்து சொன்னார். ஹனாவுக்குப் பிறவியிலேயே தசை நோய். நரம்பு போடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. அதற்கு ஒரே ஒரு மாத்திரைதான் இருக்கிறது. அதைப் போட்டால் நடப்பாள், சிரிப்பாள், கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களை விரட்டுவாள். கொரோனா சமயத்தில் மாத்திரை வந்து சேரத் தாமதமானபோது, அவளால் கண் இமையைக்கூடத் தூக்க முடியவில்லை. சிக்கந்தர் அண்ணன்தான் தன் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளிடம் பேசியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாத்திரையைச் செய்யிற கம்பெனி இனிமே செய்ய மாட்டேங்குது தங்கச்சி. நடுவுல ஒரு கட்டம் இருக்காம், அதுக்கு மட்டும் செலவு கட்டுப்படி ஆகலையாம். உலகத்துலயே கொஞ்சம் பேருக்குத்தான் இந்த நோய். கொஞ்சம் பேருக்காக யாரு நஷ்டப்படுவா?"

அந்த ஒரு கட்டத்தை மலிவாக முடித்துக் கொடுக்கும் நொதி ஒன்றை கெலுகோரில் டாக்டர் சாந்தினி என்பவர் சின்னதாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் வைத்து உருவாக்கிக்கொண்டிருந்தார். நேற்று அது கிடைத்துவிட்டது. நாளைக் காலை கம்பெனிக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் செய்து காட்டினால் மருந்து தொடரும். வேலை செய்யவில்லை என்றால் மருந்துக்கே மூடுவிழா. இந்த நேரத்தில், இன்று காலை பார்த்தால், நொதி இருந்த தட்டைக் காணோம். டாக்டரின் உதவியாளன் கிஷனையும் காணோம்.

"போலீஸ் ரிப்போர்ட்?" என்றார் அக்கா.

"டாக்டர் காலையிலேர்ந்து அதைத்தான் சொல்லிட்டு இருக்காங்க. ஒப்பந்தத்துல தீ, வெள்ளம், திருட்டு, இந்த மூணுக்கும் தவணை உண்டாம். ரிப்போர்ட்டைக் காட்டினா கம்பெனி ஆறு மாசம் தள்ளிப் போடும். அது வரைக்கும் மாத்திரையும் வரும். ஆனா போலீஸ் தேடுதுன்னு தெரிஞ்சா அவன் அதைக் கழுவி ஊத்திருவான்லா! கைக்கு வந்த பொருளை விட்டுட்டு, தவணையை வச்சு நான் என்ன செய்யிறது? அசர் தொழுகை வரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன்."

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பணியாரக் கல்லைப் போல, ஆனால் நூறு குட்டிக் குழிகள் இருந்த பிளாஸ்டிக் தட்டு. குழிகளில் வெளிர் மஞ்சளாகத் தண்ணீர். ஒரே ஒரு மூலைக் குழியில் மட்டும் மஞ்சள் அடர்த்தியாக இருந்தது.

"இதுதான் என் புள்ள," என்று அந்த மூலையைத் தொட்டுக் காட்டினார். நேற்று டாக்டர் அனுப்பியதிலிருந்து கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறார்.

அக்கா படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு காடிச் சாவியை என் பக்கம் தள்ளினார். 

* * *

என் பழைய காடியில் மூன்று பேர் ஏறினால் ஏர்கோனுக்கு மூச்சு வாங்கும். கெலுகோர் போய்ச் சேரும் வரை சிக்கந்தர் அண்ணன் பின் சீட்டில் உட்கார்ந்து கிஷனை என்னவெல்லாம் செய்யப்போகிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவனை அவர் நேரில் பார்த்ததில்லை. அதனால் கையை உடைப்பதா காலை உடைப்பதா என்பதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

ஆராய்ச்சிக்கூடம் ஒரு டோபிக் கடைக்கு மேலே இருந்தது. கீழே சலவை இயந்திரங்கள் சுற்ற, மேலே ஏதேதோ இயந்திரங்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் சாந்தினிக்கு நாற்பது வயதிருக்கும். தூங்காத கண்கள்.

"இந்த என்சைமை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று அக்கா கேட்டார்.

"என்சைமைச் செய்யிற ஜீனை வேணும்னே தப்புத் தப்பா காப்பி எடுப்போம். ஒவ்வொரு காப்பியிலயும் ஒரு எழுத்து, ரெண்டு எழுத்து மாறியிருக்கும். ஒவ்வொண்ணையும் ஒரு பாக்டீரியாவுக்குள்ள வச்சு, குழிக்கு ஒண்ணா வளர்ப்போம். அப்புறம் எல்லாத்துக்கும் ஒரே வேலையைக் கொடுப்போம். வேலை நடந்தா தண்ணி மஞ்சளாகும். முக்கால்வாசி ஒண்ணுக்கும் உதவாது. ஆயிரத்துல ஒண்ணு கொஞ்சம் நல்லா செய்யும். அதை எடுத்து மறுபடியும் தப்புத் தப்பா காப்பி எடுப்போம்."

"அலாமாக்! பள்ளிக்கூடத்துல நானும் அதையேதான் செஞ்சேன் டாக்டர். பிரம்படிதான் கிடைச்சுது," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமும் இல்லை அது.

"திரும்ப ஒண்ணு செஞ்சுக்க முடியாதா?"

"இந்தத் தடவை எந்த எழுத்து மாறிச்சுன்னு நாங்க இன்னும் படிக்கலக்கா. படிக்க அனுப்புறதுக்கு முன்னாடியே தட்டு போயிருச்சு. வேற நகல் கிடையாது." டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரிப்போர்ட் போட்டுடலாமா? நேரமாகுது."

"தட்டு இருந்த இடத்தைக் காட்டுங்க."

குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஓர் அடுக்கின் உச்சியில் மட்டும் இடம் காலி. பக்கத்தில் வெள்ளை நுரைப்பெட்டிகள் இரண்டு. உறைய வைத்த ஐஸ் பைகள் நிரம்பிக் கிடந்தன.

"ஐஸ் பெட்டி இந்த ரெண்டுதானா?"

"ரெண்டுதான். ரெண்டும் இருக்கு."

"தட்டை வெளியே கொண்டு போகணும்னா ஐஸ் வேணுமா?"

"கண்டிப்பா. இந்த வெயில்ல வச்சா ஒண்ணு சாகும், இன்னொண்ணு பெருகும். எதை எடுத்தோம்னே தெரியாம போயிடும்."

"கிஷனுக்கு இது தெரியுமா?"

"அவன்தான் எனக்கே ஞாபகப்படுத்துவான்," என்றார் டாக்டர். பிறகு மறுபடியும், "ரிப்போர்ட்ல என்னென்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்லக்கா?" என்றார்.

சிக்கந்தர் அண்ணன் முன்னால் இறங்கிப் போக, படியில் அக்கா என் காதருகே வந்தார்.

"ரிப்போர்ட்டைப் பத்தித் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. 'கண்டுபிடிச்சிருவீங்களா'ன்னு ஒரு தடவைகூடக் கேக்கல, கவனிச்சியா?"

"பதற்றமா இருக்கும்க்கா."

"பொருளைத் தொலைச்சவங்க பொருளைக் கேப்பாங்க. கிளெய்ம் போடுறவங்கதான் ரிப்போர்ட்டைக் கேப்பாங்க."

டோபிக் கடையில் துணி திருட்டுக்குப் பயந்து கேமரா வைத்திருந்தார்கள். கடைக்கார அம்மா புண்ணியத்தில் காலைக் காட்சியை ஓட்டிப் பார்த்தோம். விடியும் வெளிச்சத்தில் ஒல்லியான ஓர் இளைஞன் இறங்கி வருகிறான். இரண்டு கைகளிலும் தட்டை ஏந்தியிருக்கிறான். வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளிடம் போகிறான். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு, எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு மெல்ல நடக்கிறான்.

"வித்துட்டான்!" என்று கத்தினார் சிக்கந்தர் அண்ணன். "எவனோ போட்டிக் கம்பெனிக்காரனுக்கு வித்துட்டான். இனி எங்கே போய்ப் பிடிக்க? யா அல்லாஹ், நான் எங்கே போவேன்?"

அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாலையில் போன மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் என்னைக் கிண்டல் செய்து, கேட்காமலே இன்னொரு கரண்டி கறி வைக்கிற மனிதர். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அக்கா அவர் பக்கத்திலேயே குந்தினார்.

"அண்ணே, பாசார்ல ஒருத்தன் மீனைத் திருடுறான். பக்கத்துலயே ஐஸ் கிடக்கு. அதைத் தொடாம வெறும் மீனை எடுத்துட்டுப் போறான். அவன் விக்கவா திருடினான்?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"விக்க இல்லை," என்றார் அக்கா. "சரி, நாசம் பண்ணத் திருடினானா? நாசம் பண்ண இவ்வளவு தூரம் வரவேண்டாமே, மேலேயே பாத்திரம் கழுவுற தொட்டி இருக்கு. இவன் ஒரு சொட்டு சிந்தக் கூடாதுன்னு மோட்டாரைக்கூட விட்டுட்டு நடந்து போறான். விக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அப்புறம் ஒரு பொருளை எதுக்குத் தூக்கிட்டுப் போவாங்க?"

"காட்ட," என்றேன் நான். சொன்ன பிறகுதான் அது புத்திசாலித்தனமான பதில் என்று எனக்கே தெரிந்தது.

"யாருக்கிட்ட? டாக்டர்கிட்ட காட்ட மாட்டான், அங்கேர்ந்துதான் ஓடுறான். கம்பெனிக்காரங்க இன்னும் சிங்கப்பூர்ல. இந்த ஊர்ல அந்தத் தட்டைப் பத்திக் கவலைப்படுற ஆள் இன்னொருத்தர்தான்." அக்கா கையை நீட்டினார். "போனைக் கொடுங்கண்ணே. உங்க கடைக்குப் பேசணும்."

ஹனாதான் எடுத்தாள். பின்னணியில் மதிய நேர இரைச்சல்.

"ஹனா, கடையில யாராவது சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்களாம்மா?"

"ஒருத்தர் இருக்காரு ஆன்ட்டி," என்றாள் அவள். "காலையிலேர்ந்து. வாப்பாவைப் பாக்கணுமாம். தே தாரிக் மேல தே தாரிக்கா கொடுத்துட்டு இருக்கேன், சோறு வேணாங்குறாரு. மடியில என்னமோ கைக்குட்டை போட்டு மூடி வச்சிருக்காரு. பாவமா இருக்கு."

* * *

கடை இருக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் காடி நிறுத்த இடம் கிடைப்பதற்குத் தனியாகத் தொழவேண்டும். நான் ஒரு லாரிக்குப் பின்னால் குறுக்கே போட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் அதற்கு முன்பே குதித்துவிட்டார்.

காலையெல்லாம் அவர் அவனைத் தேடி அலைய, அவன் அவருக்காக அவர் கடையிலேயே காத்திருந்திருக்கிறான்.

கடைசி மேசை. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். அண்ணன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். அவன் தடுக்கவில்லை. மேசையில் கைக்குட்டை மூடியிருந்த தட்டைத்தான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாண்ணே. சிந்திரும்."

அந்த ஒரு வார்த்தையில் அண்ணனின் பிடி தளர்ந்தது. அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். முன்னால் கல்லாவில் கூட்டம் நெரிந்தது. ஹனா எங்களைப் பார்த்தாள், ஆனால் அங்கிருந்து எதுவும் கேட்காது.

"பத்திரமா இருக்குல்ல?" என்றார் அண்ணன் மூச்சு வாங்க. "கெட்டுப் போகலைல? உடனே கொண்டு போவோம். தம்பி, உன்னை நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். எழுந்திரு, போவோம்."

கிஷன் எழவில்லை. 

அக்கா கைக்குட்டையை விலக்கித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் இறுக்கமாக ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அண்ணனின் கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தை அருகில் வைத்தார்.

"தம்பி, நாளைக்கு இதை யாரும் சோதிச்சுப் பாத்துடக் கூடாது. அதுக்குத்தானே எடுத்துட்டு வந்தே?"

கிஷன் தலை குனிந்தான்.

"என்ன சொல்றீங்க?" என்றார் அண்ணன்.

"தாள் இறுக்கமா ஒட்டியிருக்கு. இன்னைக்கு ஒரு சொட்டுகூடக் காய்ஞ்சிருக்காது. அப்படி இருந்தும் ஓரத்துக் குழியில எல்லாம் தண்ணி கம்மி. மூலையில பாதிகூட இல்லை. படத்தையும் பாருங்க. சுத்தி ஓரம் முழுக்க நடுவைவிட லேசா மஞ்சள் கூடுதல். மூலையில இன்னும் கூடுதல்." அக்கா முன்னால் இருந்த குழம்புத் தட்டுகளைக் கை காட்டினார். "உங்க மீன் குழம்பே ஓரத்துல காய்ஞ்சு கெட்டியாதாண்ணே கிடக்கு. நடுவுல இருக்கிறதும் அதுவும் ஒரே குழம்புதானே?"

அண்ணன் குழம்பைப் பார்த்தார். பிறகு கிஷனைப் பார்த்தார்.

"அன்னைக்கு வளர விடும்போது தாள் ஒட்ட மறந்துட்டேன்," என்றான் கிஷன். குரல் கீழே கீழே போனது. "ராத்திரி பூரா ஓரம் காய்ஞ்சிருக்கு. மூலைக்கு ரெண்டு பக்கமும் காத்து. எல்லாக் குழியிலேர்ந்தும் ஒரே அளவு சொட்டுதான் எடுத்து வேற தட்டுல சோதிச்சேன், படத்துல இருக்கிறது அதுதான். ஆனா மூலையில எடுத்த சொட்டுல பாக்டீரியா நெருக்கமா இருந்திருக்கு. அதனாலதான் அவ்வளவு மஞ்சள். நல்ல வேலைக்காரன் கிடைக்கலண்ணே. ஆள்தான் அதிகம். நேத்து ராத்திரி அளவைச் சரிபண்ணித் திரும்பச் சோதிச்சேன். மத்தக் குழி மாதிரியேதான் இருக்கு."

"அப்போ என்சைம்?"

"இல்லண்ணே."

"திருட்டுப் போனது?"

"திருட்டுப் போறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லண்ணே."

சிக்கந்தர் அண்ணன் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை. துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். அன்றைக்கு எவ்வளவு தேடியும் வரவில்லை.

"திருட்டுன்னா ஆறு மாசம் கொடுப்பாங்க," என்றான் கிஷன். "நாளைக்கு வந்து சோதிச்சு, வேலை செய்யலைன்னு தெரிஞ்சா அன்னைக்கே மருந்தை நிறுத்திருவாங்க. அதான் எடுத்தேன். எங்கேயாவது ஊத்திட்டுப் போயிருப்பேன். ஆனா நீங்க இதை நம்பிக்கிட்டே இருந்துட்டு, வேற வழி தேடாம விட்டுட்டா? உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லணும்னு வந்தேன். வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டீங்கன்னு தட்டையும் கொண்டு வந்தேன். ஆறு மாசத்துல இன்னும் பல ஆயிரம் குழி பாக்கலாம். கிடைச்சாலும் கிடைக்கும்."

"கிடைக்காமலும் போகும்," என்றார் அக்கா.

"ஆமாக்கா. கிடைக்காமலும் போகும்."

ஹனா இரண்டு கைகளாலும் ஒரு கண்ணாடிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு நாற்காலி முதுகில் சாய்ந்து இளைப்பாறிவிட்டு, எங்களிடம் வந்தாள். அக்கா அதற்குள் கைக்குட்டையைத் தட்டின் மேல் இழுத்துப் போட்டார். தேயை அக்கா முன்னால் வைத்தாள். "தட்டு கிடைச்சிருச்சா வாப்பா?" என்றாள்.

"பேசிட்டு இருக்கோம்மா. நீ போய் உக்காரு," என்றார் அண்ணன்.

 அவள் உட்கார்ந்த பிறகு அண்ணன் அக்காவின் முழங்கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நீங்க இவனைக் கண்டுபிடிக்கல. அசர் வரைக்கும் தேடினீங்க, கிடைக்கல. இப்படியே சொல்லிருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

அக்கா தன் முன்னால் இருந்த தேயைத் தள்ளி வைத்தார். பொய் நஷ்டம் சொல்லி வந்தவர்களை ஒருவர் விடாமல் பிடித்துக் கொடுத்தவர். சொந்த மச்சானின் தீப்பிடித்த காடியையே பெட்ரோல் வாசனையை வைத்துப் பிடித்தவர். ஒரு பெருநாள் முழுக்க அந்தக் குடும்பத்தில் யாரும் அவரிடம் பேசவில்லை. அதற்கும் அசையாதவர்.

"கண்டுபிடிக்காத திருடன் வேலைக்கு ஆகாதுண்ணே," என்றார் கடைசியில். "ஆள் இல்லாத திருட்டுன்னா கம்பெனி என்னை மாதிரி ஒருத்தியை அனுப்பும். அவ ஐஸ் பெட்டியைப் பாப்பா. டாக்டர் போன்ல இருக்கிற இந்தப் படத்தைக் கேப்பா. அப்புறம் எல்லாம் வெளியே வந்துரும். யாரும் தோண்டாம இருக்கணும்னா, தோண்ட ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

"அதனால?" என்றேன் நான். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"அதனால திருடன் வேணும்," என்றான் கிஷன். "இருக்கேன்ல."

"வேலை போகும் தம்பி. கேஸ் வரும். இனி எந்த லேப்லயும் உன்னை வாசல்ல விட மாட்டாங்க."

"தாள் ஒட்டாம விட்டது நான்தானேக்கா."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொய்யைப் பிரித்துப் போடுவதைத்தான் நான் அவரிடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் ஒரு பொய்யைக் கட்டுவதைப் பார்த்தேன். ஏன் எடுத்தே? பேரை மட்டும் டாக்டர் வாங்கிக்கிட்டாங்கன்னு கோபம். ஏன் ஐஸ் இல்லை? கோபத்துல யோசிக்கல. இங்கே எதுக்கு வந்தே? மன்னிப்புக் கேக்க. தட்டு எங்கே? கடல்ல போட்டுட்டேன். கோபத்தைச் சொல்லும்போது கீழே பாக்காதே, நேரா பாரு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. சும்மா கிடக்கிற இடத்தையெல்லாம் நிரப்பப் போறவன்தான் மாட்டுவான்.

அண்ணன் கைப்பேசியிலிருந்து படத்தை அழித்தார். கிஷன் தாளைப் பிய்த்து, தொட்டியில் தட்டைக் கவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவினான். மிகவும் கவனமாகக் கழுவினான். கழுவிய தட்டை நான் லாரிக்குப் பின்னால் நின்ற குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். என் காடியில், குறுக்கே நிறுத்தியதற்கு அபராதச் சம்மன் ஒட்டியிருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா கடை முன்னால் ஐந்தடி நடைவழியில் நின்று கைப்பேசியில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தட்டு கிடைக்கல டாக்டர். எடுத்தவன் கிடைச்சுட்டான். கடல்ல போட்டுட்டானாம். நீங்க ரிப்போர்ட் போடுங்க."

மறுமுனையில் அழுகையோ ஆத்திரமோ இல்லை. நீளமாக ஒரு மூச்சு மட்டும் எனக்கே கேட்டது.

"டாக்டர், மூலைக் குழி காயும்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது," என்றார் அக்கா மெல்ல.

 "அவன் வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் நானும் சோதிச்சேன்க்கா. காலையில தட்டைக் காணோம்னதும் எனக்கு அவன் கால்ல விழுந்து கும்பிடணும் போல இருந்துச்சு," என்றார் டாக்டர். "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிறாதீங்க. தெரிஞ்சா விசாரணையில என்னைக் காப்பாத்தவும் பொய் சொல்வான். அவனுக்கு ரெண்டு பொய் தாங்காது."

அக்கா கைப்பேசியை மூடிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

உள்ளே, சிக்கந்தர் அண்ணன் தானே தட்டை எடுத்துச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். வேலையாட்கள் விலகி நின்றார்கள்.

"மாட்டுக்கறி வேணாம்ல தம்பி? கோழி வைக்கிறேன்."

கிஷன் தலையாட்டினான். காலையிலிருந்து வேண்டாம் என்று சொன்னவன் அள்ளி அள்ளித் தின்றான். பாதிச் சோறு உள்ளே போவதற்குள் போலீஸ் சார்ஜன் முகம்மது சுல்தான் வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் டியூட்டியில் இருந்தவரை அக்காதான் கூப்பிட்டிருந்தார், பழைய பழக்கம்.

"யாரு, இவனா?" என்றார் சத்தமாக. "மருந்துத் தட்டைத் திருடிக் கடல்ல போட்டவன் நீதானா?"

"நான்தான் சார்," என்றான் கிஷன். நேராகப் பார்த்துத்தான் சொன்னான்.

 கல்லாவிலிருந்து ஹனா எழுந்தாள். மேசைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். அவள் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"நீங்களா?" என்றாள் கிஷனிடம். "காலையிலேர்ந்து உங்களுக்கு நான் தே கொடுத்தேனே. என் மருந்தைத் தூக்கிப் போட்டுட்டா இங்கே வந்து உக்காந்திருந்தீங்க?"

 கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் அக்கா. இந்தக் கேள்வியை அவர் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கிஷன் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழப்போனான்.

அண்ணன் அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"சாப்பிட்டு முடிக்கட்டும் சார்," என்றார் சார்ஜனிடம்.

"வாப்பா!" ஹனாவின் குரல் உடைந்தது. "இவனுக்கா சோறு போடுறீங்க?"

சிக்கந்தர் அண்ணன் மகளைப் பார்க்கவில்லை. குழம்புச் சட்டிப் பக்கம் போனார், ஓர் அகப்பை நிறைய மொண்டு வந்தார், கிஷனின் சோற்றில் ஊற்றினார்.